பல டெராபைட் தரவுகளுக்குக் காப்புப் பிரதி: எந்தச் சேமிப்பகத்தைத் தெரிவு செய்வது?

திருமண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்களும், பழைய காணி உறுதிகளையும் குடும்ப அல்பங்களையும் ஸ்கான் செய்து சேர்த்துவரும் கிராம அமைப்புகளும், திருவிழாக்களை ஆண்டுதோறும் பதிவு செய்யும் ஆலய நிருவாகங்களும் இன்று வன்னியில் பெருந்தொகையான தரவுகளை வைத்திருக்கின்றன. அவற்றிற் பெரும்பகுதி ஒரேயொரு கணினிக்குள்ளோ, மேசை லாச்சிக்குள் கிடக்கும் இரண்டு மூன்று வன்தட்டுகளுக்குள்ளோதான் இருக்கிறது. 2008, 2009 இடப்பெயர்வுகளில் அல்பங்களையும் சான்றிதழ்களையும் இழந்த குடும்பங்கள் இங்கே ஏராளம் என்பதால், வெளிநாட்டு உறவினரிடமிருந்து கேட்டு வாங்கி ஸ்கான் செய்யப்பட்ட ஒரு படமே சில வீடுகளில் எஞ்சியிருக்கும் ஒரே படமாகும். அத்தகைய கோப்புகளுக்குக் காப்புப் பிரதி எடுத்து வைப்பது தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்கு மட்டும் உரிய வேலை அன்று.

இந்த வழிகாட்டி ஒரு டெராபைட்டிலிருந்து ஏறக்குறைய 30 டெராபைட் வரையான தரவை வைத்திருப்போருக்காக எழுதப்பட்டது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் இயங்கும் ஒருவருக்கு, இந்த அளவுக்கு மிகப் பொருத்தமானது சோடி சோடியாக வாங்கப்படும் சாதாரண 3.5 அங்குல வன்தட்டுகளே ஆகும். சோடியில் ஒன்று வேறோர் ஊரில் இருக்க வேண்டும். எந்த வகையிலும் திரும்பப் பெற முடியாத சிறு பகுதிக்கு மட்டும், இணையம் வழியே வேறு நிறுவனத்தின் கணினிகளில் சேமிக்கும் கிளவுட் சேமிப்பைச் சேர்த்துக்கொண்டால் போதும். ஏனைய சாதனங்கள் ஏன் இரண்டாம் இடத்துக்குப் போகின்றன என்பதற்கான காரணங்கள் கீழே வருகின்றன.

முதற்படி: உங்களிடம் உள்ளதை அளவிடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு கொப்பியை எடுத்து, இப்போது எவ்வளவு தரவு இருக்கிறது, ஆண்டுக்கு எவ்வளவு சேர்கிறது என்ற இரண்டையும் எழுதுங்கள். ஒரு திருமணத்தை உதாரணமாக எடுப்போம். விநாடிக்கு 100 மெகாபிட்ஸ் அளவில் 4கே வீடியோ பதிவு செய்யும் கமரா, மணித்தியாலத்துக்கு 45 கிகாபைட் எழுதுகிறது. இரண்டு கமராக்கள் ஆளுக்கு நான்கு மணித்தியாலம் ஓடினால் 360 கிகாபைட் ஆகும். அதனோடு ரோ வடிவிலான 1,500 ஒளிப்படங்களைச் சேர்த்தால் மொத்தம் 400 கிகாபைட்டுக்கு வரும். ஆவணியிலும் தையிலும் வைகாசியிலும் குவியும் முகூர்த்தங்களில் ஆண்டுக்கு 20 திருமணங்கள் செய்யும் ஒரு சிறிய ஸ்டூடியோ, சாமத்திய வீடுகளைக் கணக்கில் எடுக்காமலேயே, ஆண்டுக்கு 8 டெராபைட் சேர்க்கிறது.

ஆவணங்களை ஸ்கான் செய்வோரின் கணக்கு வேறு. ஏ4 தாள் ஒன்றை 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) நிறத்தில், சுருக்காத டிஃப் கோப்பாகச் சேமித்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 26 மெகாபைட் ஆகும். 600 டி.பி.ஐ. ஆக்கினால் அது நான்கு மடங்காகி 104 மெகாபைட்டைத் தொடும். பத்தாயிரம் பக்கங்கள் முதல் அளவில் 260 கிகாபைட்டுக்குள் அடங்குகின்றன. ஆகவே ஒரு கிராமத்தின் ஆவணங்கள் முழுவதும் ஒரு ஸ்டூடியோவின் ஒரு மாத வேலையைவிடச் சிறியதாக இருக்கக்கூடும். சங்கம் ஒன்று "எங்களிடம் நிறையத் தரவு இருக்கிறது" என்று சொல்லிப் பெரிய சேவர் கேட்டு விண்ணப்பம் எழுதுவதற்கு முன் இந்தப் பெருக்கலைச் செய்து பார்ப்பது நல்லது.

அளவிட்டபின் தரவை மூன்றாகப் பிரியுங்கள். இன்னொரு முறை உருவாக்க முடியாதவை முதலாவது: மூல ஸ்கான்கள், முதியவர்களின் குரற்பதிவுகள், இறந்தவர்களின் படங்கள். நேரம் செலவிட்டால் மீண்டும் உருவாக்கக்கூடியவை இரண்டாவது: எடிட் செய்த வீடியோ, வடிவமைத்த அல்பம். மென்பொருள் நிறுவிகள், தரவிறக்கிய படங்கள் போன்றவை மூன்றாவது. இவற்றுக்குக் காப்புப் பிரதியே தேவையில்லை. முதற்பிரிவு மொத்தத்தில் எவ்வளவு சிறியது என்பதைக் கண்டதும் பலருக்கு வேலை பாதியாகக் குறைந்துவிடும். ஸ்டூடியோக்காரர் தாம் எடுத்த மூல வீடியோவை எத்தனை மாதம் வைத்திருப்பார் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதிவிட்டால், அந்தக் காலம் கடந்ததும் அதை அழித்து இடம் எடுக்கலாம்.

இன்னொரு சிறு விடயம். ஒரு டெராபைட் என்று எழுதிய வன்தட்டை விண்டோஸ் 931 என்று காட்டுவது கடைக்காரர் ஏமாற்றியதால் அன்று. தயாரிப்பாளர் ஆயிரத்தின் பெருக்கங்களிலும் விண்டோஸ் 1,024 இன் பெருக்கங்களிலும் எண்ணுவதே காரணம். 8 டெராபைட் தட்டு 7.27 என்றே தெரியும். தேவையான இடத்தைக் கணக்கிடும்போது இதற்கும், அடுத்த இரண்டு ஆண்டு வளர்ச்சிக்கும் இடம் விடுங்கள்.

இரண்டாம் படி: எத்தனை பிரதிகள் என்பதைத் தீர்மானியுங்கள்

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோ பரவலாக்கிய 3-2-1 விதி இன்றும் பயன்படுகிறது. மூன்று பிரதிகள், இரண்டு வேறுபட்ட சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில் என்பதே அது. மூலமும் அந்த மூன்றில் ஒன்றாகவே எண்ணப்படும். இரண்டு வேறுபட்ட சாதனங்கள் என்பதை, வேறு வேறு நிறுவனத்தின் இரண்டு வன்தட்டுகள் என்று தளர்த்திப் பொருள்கொள்வதை நான் ஏற்கிறேன். ஆனால் வேறு இடம் என்பதைத் தளர்த்த இடமில்லை.

பெரிய நிறுவனங்கள் எல்லாம் இதைச் சரியாகச் செய்கின்றன என்று எண்ண வேண்டாம். 2025 செப்டெம்பர் 26 ஆம் திகதி தென்கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் லித்தியம் மின்கலங்கள் தீப்பற்றியபோது, அரச ஊழியர்கள் பயன்படுத்திய ஜி-டிரைவ் என்ற சேமிப்பகத்தின் 858 டெராபைட் தரவு எரிந்து போனது. அளவு பெரிது என்ற காரணத்தால் அதற்கு வெளிக் காப்பு இருக்கவில்லை. நம் நாட்டிலும் 2023 ஓகஸ்ட் 26 ஆம் திகதி இலங்கை அரச கிளவுட் கட்டமைப்பு கப்பம் கேட்கும் ரான்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. அப்போது மே 17 முதல் அன்றுவரை வந்துசேர்ந்த அரச மின்னஞ்சல்கள் மீட்க முடியாமற் போயின. அந்த இடைக்காலத்துக்கு இணைப்பிலிருந்து கழற்றி வைத்த பிரதி எதுவும் இருக்கவில்லை. முதல் நிகழ்வில் இல்லாதது வேறு இடம். இரண்டாவதில் இல்லாதது கழற்றி வைத்த பிரதி. உங்கள் திட்டத்தில் இவை இரண்டும் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

மூன்றாம் படி: சாதனத்தைத் தெரிவு செய்யுங்கள்

வன்தட்டில் தொடங்குவோம். ஒரு டெராபைட்டுக்கான விலை குறைவு என்பது அறிந்ததே. அதைவிட முக்கியமான காரணம், பழுது வரும்போது அது பெரும்பாலும் அறிகுறி காட்டிவிட்டு வருவதாகும். கையில் அடங்கும் 2.5 அங்குல வன்தட்டு யு.எஸ்.பி. வயரிலேயே மின்சாரம் பெறும், பயணத்துக்கு நல்லது. 3.5 அங்குலத் தட்டுக்குத் தனியான 12 வோல்ட் அடப்டர் தேவை. எனினும் அது பெரிய கொள்ளளவுகளில் கிடைக்கிறது, வேகமானது, உள்ளேயிருக்கும் தட்டைக் கழற்றி வேறு டொக்கில் (வெறும் தட்டைக் கணினியோடு இணைக்கும் கருவியில்) போட்டும் படிக்கலாம். பல 2.5 அங்குலத் தட்டுகளில் யு.எஸ்.பி. முனை சுற்றுப்பலகையிலேயே ஒட்டப்பட்டிருப்பதால், அந்த முனை உடைந்தாலே தட்டு பயனற்றுப் போகிறது. அதைத் திருத்திக் கோப்புகளை மீட்கப் பெரும்பாலும் கொழும்புக்கு அனுப்ப வேண்டிவரும். அலுமாரியில் வைத்துக் காக்கும் பிரதிக்கு 3.5 அங்குலத்தையே நான் பரிந்துரைக்கிறேன்.

வாங்கும்போது சி.எம்.ஆர். வகையா எஸ்.எம்.ஆர். வகையா என்று கேளுங்கள். சி.எம்.ஆர். தட்டில் தரவுத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாக இருக்கும். எஸ்.எம்.ஆர். தட்டில் அவை, ஓட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று சிறிது ஏறிக் கிடப்பதைப்போல எழுதப்படுகின்றன. இடம் மிச்சமாகும், ஆனால் நடுவில் ஒன்றை மாற்ற அதன்மேல் ஏறியிருப்பவற்றையும் மீண்டும் எழுத வேண்டும். ஒருமுறை நிரப்பி அலுமாரியில் வைப்பதற்கு அது குறையாகாது. அடிக்கடி அழித்து எழுதும் வேலைக்கும், பல தட்டுகளைச் சேர்த்து இயக்கும் பெட்டிகளுக்கும் அது ஒத்துவராது. 2020 ஆம் ஆண்டில் முன்னணித் தயாரிப்பாளர்கள் தங்கள் சில மாதிரிகளில் இந்த வகையைக் குறிப்பிடாமல் விற்றது தெரியவந்து, பின்னர் எந்த மாதிரி எந்த வகை என்ற பட்டியல்களை வெளியிட்டார்கள். ஆகவே கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்பாமல், மாதிரி எண்ணைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள்.

தட்டை வாங்கிய அன்றே கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து, அது ஓடிய மொத்த மணித்தியாலங்களைப் பாருங்கள். புதிய தட்டு பூச்சியத்துக்கு அருகில் இருக்க வேண்டும். அங்கே 20,000 என்று இருந்தால், எங்கோ ஒரு சேவரிலிருந்து கழற்றித் துடைத்துப் புதிய பெட்டிக்குள் போட்ட தட்டு அது. அதே சாளரத்தில், பழுதான அல்லது ஐயத்துக்குரிய இடங்களை எண்ணிக் காட்டும் "ரீஅலோகேட்டட் செக்டர்ஸ்", "கரண்ட் பென்டிங் செக்டர்" என்ற இரண்டு வரிகளும் பூச்சியமாக இருக்க வேண்டும். பிந்தியது பிற்காலத்தில் ஒன்றாகவோ இரண்டாகவோ உயர்ந்தால் அன்றே மாற்றுத் தட்டைத் தேடுங்கள். சோடியாக வாங்கும் இரண்டும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து வர வேண்டாம். ஒரே தொகுதியில் தயாரான தட்டுகள் ஒரே காலத்தில் பழுதாகும் வாய்ப்பு உண்டு. பெருந்தொகையான வன்தட்டுகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் 2013 முதல் வெளியிட்டுவரும் புள்ளிவிபரங்களில், ஆண்டுக்கு நூற்றில் ஒன்று இரண்டு தட்டுகள் பழுதாவது வழமையாக இருக்கிறது. குளிரூட்டிய அறையில் அசையாமல் ஓடும் தட்டுகளின் கணக்கு அது. பஸ்ஸில் பயணம் செய்யும் தட்டுக்கு அதைவிட அதிகமாகவே எதிர்பாருங்கள்.

சுழலும் தட்டு இன்றிச் சில்லுகளில் தரவை வைக்கும் எஸ்.எஸ்.டி. வேகமானது, விழுந்தாலும் தாங்கும், எடிட் செய்யும் மேசைக்கு மிக நல்லது. மின்சாரம் இன்றிப் பல ஆண்டுகள் அலுமாரியில் வைப்பதற்கு மட்டும் அதைத் தெரிவு செய்ய வேண்டாம். அதில் தரவு மின்னேற்றமாகவே தங்கியிருக்கிறது. அது மெல்லக் கசியும், வெப்பம் கூடினால் இன்னும் விரைவாகக் கசியும். எழுதும் ஆயுள் முடிந்த சாதாரண எஸ்.எஸ்.டி. 30 பாகை செல்சியஸில் மின்சாரமின்றி ஓராண்டு தரவைத் தாங்க வேண்டும் என்பதே சில்லுத் துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் எதிர்பார்ப்பு. புதிய சாதனம் அதைவிடப் பல மடங்கு தாங்கும். ஆனாலும் தகரமோ சீற்றோ போட்ட கூரைக்குக் கீழே நம் அறைகளின் பகல் வெப்பம் 30 பாகையில் நிற்பதில்லை.

பென் டிரைவையும் மெமரி கார்டையும் கோப்புகளைக் கொண்டுபோகப் பயன்படுத்துங்கள். காப்புப் பிரதிக்கு வேண்டாம். இவற்றில் போலிகள் மலிந்திருக்கின்றன. நம்ப முடியாத விலையில் "2 டெராபைட்" என்று விற்கப்படும் பென் டிரைவுக்குள் 32 கிகாபைட் சில்லுதான் இருக்கும். அதன் கட்டுப்பாட்டுச் சுற்று கணினியிடம் பொய்யளவைச் சொல்லி, உண்மையான இடம் முடிந்ததும் தொடக்கத்திலிருந்து மேலெழுதத் தொடங்கும். கோப்புகளின் பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும்; திறந்தால் உள்ளே ஒன்றும் இராது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறிய இலவச மென்பொருள் சாதனத்தை முழுவதும் எழுதிப் படித்து இந்தப் பொய்யைக் காட்டிவிடும்.

புளூ-ரே வகையில் எம்-டிஸ்க் நீண்ட ஆயுளுக்கென்றே செய்யப்பட்டது. ஒரு வட்டு 25 முதல் 100 கிகாபைட் வரை கொள்ளும். முதற்பிரிவுத் தரவு 200 கிகாபைட்டுக்குள் உள்ள சங்கமொன்றுக்கு, மாற்றவோ அழிக்கவோ முடியாத மூன்றாவது பிரதியாக இது பொருந்தும். எழுதும் கருவியையும் வெற்று வட்டுகளையும் தேடிப் பிடிப்பதே சிரமம். எல்.டி.ஓ. காந்த நாடாவையும் சொல்லாமல் விட முடியாது. எல்.டி.ஓ.-9 நாடா ஒன்று சுருக்கமின்றி 18 டெராபைட் கொள்கிறது. 2011 பெப்ரவரியில் மென்பொருட் பிழையொன்றால் ஜிமெயில் பயனாளர் சிலரின் மின்னஞ்சல்கள் மறைந்தபோது கூகிள் அவற்றை நாடாவிலிருந்தே மீட்டது. ஆனால் நாடா மலிவு, கருவி மிக விலை. 100 டெராபைட்டைக் கடக்கும் நிறுவனங்களுக்கே அது கட்டுப்படியாகும்.

இரண்டு அல்லது நான்கு தட்டுகளை ஒரே பெட்டியில் போட்டு வலையமைப்பில் இணைக்கும் என்.ஏ.எஸ். பெட்டி, மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் எடிட் செய்யும் ஸ்டூடியோவுக்குப் பயனுள்ளது. அதிலுள்ள ரெயிட் அமைப்பு தட்டுகளைச் சேர்த்து இயக்கி (இரண்டு தட்டுப் பெட்டியில் ஒரே தரவை இரண்டிலும் எழுதி), ஒரு தட்டு பழுதானாலும் வேலை நிற்காமல் காக்கும். அது காப்புப் பிரதி ஆகாது. ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால் இரண்டு தட்டுகளிலும் ஒரே நொடியில் அழியும்; மின்னல் தாக்கினால் பெட்டி முழுவதும் போகும்; கள்வர் பெட்டியோடு தூக்குவார்கள். என்.ஏ.எஸ். வாங்க வைத்திருக்கும் பணத்தில் முதலில் இரண்டு சோடி வன்தட்டுகளை வாங்கி, மிச்சமிருந்தால் பெட்டியைப் பற்றி யோசிக்கலாம் என்பது என் கருத்து.

கிளவுட் சேமிப்பைத் தீர்மானிப்பது விலையைவிடப் பதிவேற்ற வேகமே. விநாடிக்கு 5 மெகாபிட்ஸ் பதிவேற்றம் கிடைக்கும் 4ஜி இணைப்பில் ஒரு டெராபைட்டை அனுப்ப, இடைவிடாமல் ஓடினாலும், பதினெட்டரை நாள்கள் ஆகும். 20 மெகாபிட்ஸ் கிடைத்தால் ஏறக்குறைய நாலரை நாள். ஸ்டூடியோவின் 8 டெராபைட் முதல் வேகத்தில் ஐந்து மாதத்துக்குக் கிட்ட வரும்; அதற்குள் அடுத்த பருவத்துத் திருமணங்கள் சேர்ந்துவிடும். விளம்பரத்தில் பெரிதாக எழுதியிருப்பது பதிவிறக்க வேகம். உங்கள் பதிவேற்ற வேகத்தை இரவிலும் பகலிலும் நீங்களே அளந்து பாருங்கள். மாதக் கோட்டாவில் பதிவேற்றமும் கழிகிறதா என்று இணைப்பு தருபவரிடம் கேளுங்கள்.

விலையிலும் ஒரு பொறி இருக்கிறது. அரிதாகத் திறக்கும் கோப்புகளுக்கான அமேசானின் கிளவுட் சேமிப்பு, கிளேசியர் டீப் ஆக்கைவ், மாதத்துக்கு ஒரு டெராபைட் ஏறக்குறைய ஒரு டொலர் என்பது உண்மை. திரும்ப எடுக்கும் நாளில் 12 மணித்தியாலம்வரை காத்திருக்க வேண்டும், வெளியே இறக்குவதற்குக் கிகாபைட்டுக்கு 9 சதமளவில் தனிக் கட்டணமும் உண்டு. ஒரு டெராபைட்டை இறக்க 90 டொலர் வரும். பேக்பிளேஸ் பி2 போன்றவை மாதத்துக்கு ஒரு டெராபைட்டுக்கு 6 டொலர் அளவில் எடுத்து, திரும்ப எடுப்பதைச் சுலபமாக்குகின்றன. எதுவாயினும் டொலரில் கடனட்டை வழியே மாதம் தவறாமல் கட்ட வேண்டும். அட்டை காலாவதியானால் சேமிப்பும் காலாவதியாகும். 2022 இல் டொலரின் பெறுமதி சில வாரங்களில் என்ன ஆனது என்பது நினைவிருக்கும். சங்கமொன்றின் ஆவணங்கள் பொருளாளர் ஒருவரின் தனிப்பட்ட அட்டையில் தொங்கக்கூடாது. கூகிள் டிரைவில் இலவசமாகக் கிடைக்கும் 15 கிகாபைட் மின்னஞ்சலுக்கும் படங்களுக்கும் சேர்த்தே என்பதையும், கணினியிலிருந்து ஒத்திசைக்கப்படும் கோப்புறையில் ஒரு கோப்பு அழிந்தால் அங்கும் அழியும் என்பதையும் மனத்தில் வையுங்கள். பொதுமக்கள் பார்க்கத்தக்க நூல்கள், சஞ்சிகைகள், நினைவு மலர்கள் இருந்தால் 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்துடன் பேசிப் பாருங்கள். அங்கே சேர்வது வாசகருக்கும் பயன், உங்களுக்கும் இன்னொரு பிரதி.

நான்காம் படி: வெளியூர்ப் பிரதிக்கு இடம் தேடுங்கள்

2018 டிசெம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பிக் கதவுகள் திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பல ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்ததை இங்குள்ளோருக்கு விளக்கத் தேவையில்லை. பக்கத்து வீட்டில் வைத்த பிரதி அந்த இரவில் உதவியிருக்காது. பரந்தனில் இருப்பவர் வவுனியாவிலும், முள்ளியவளையில் இருப்பவர் யாழ்ப்பாணத்திலும், மன்னாரில் இருப்பவர் கிளிநொச்சியிலும் ஒரு உறவினர் வீட்டைத் தேடுவது போதுமான தூரம். ஏ9 வீதியில் பஸ் எந்த நேரமும் ஓடுகிறது. 8 டெராபைட்டைச் சில மணித்தியாலங்களில் வவுனியாவுக்குக் கொண்டுசேர்க்கும் இணைய இணைப்பு எதுவும் நம்மிடம் இல்லை.

தட்டைக் காற்றுக் குமிழ் பொலித்தீனில் சுற்றி, தடித்த ரெஜிபோம் வெட்டிய பெட்டிக்குள் இறுக்கமாக வைத்து, மடியில் வைத்துக் கொண்டுபோங்கள். பஸ்ஸில் பொதிகள் வைக்கும் மேல் தட்டில் போட வேண்டாம். வெளியே போகும் தட்டு முழுவதையும் மறைகுறியாக்குங்கள், அதாவது கடவுச்சொல் இன்றிப் படிக்க முடியாதபடி பூட்டுங்கள். திருமண வீட்டின் படங்களும் அடையாள அட்டை ஸ்கான்களும் பஸ்ஸில் தவறினால் யாருடைய கையிலும் கிடைக்கலாம். விண்டோஸ் புரோ இருந்தால் பிட்லொக்கர், இல்லாவிட்டால் இலவசமான வெராகிரிப்ட். பிட்லொக்கர் தரும் 48 இலக்க மீட்புத் திறவுகோலைத் தாளில் அச்சிட்டு, தட்டு இல்லாத இன்னோர் இடத்தில், நம்பிக்கையான இரண்டாமவருக்கும் தெரியும்படி வையுங்கள். சங்கத்தில் கடவுச்சொல் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்து அவர் வெளிநாடு போய்விட்டால், அந்தத் தட்டு இருந்தும் இல்லாததே.

ஐந்தாம் படி: மின்சாரம், மின்னல், வெப்பம்

பிரதி எடுத்துக்கொண்டிருக்கும் நடுவில் மின்சாரம் போவது கோப்பமைப்பு சிதைவதற்கான முக்கிய காரணங்களில் ஒன்று. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வெட்டிய காலம் கடந்துவிட்டாலும், மழைக்காலத்தில் மரம் முறிந்து கம்பி அறுவது நிற்கவில்லை. மின்னழுத்தத்தைச் சீராக்கும் வசதியுள்ள ஒரு யு.பி.எஸ். போதும். 3.5 அங்குலத் தட்டின் அடப்டரையும் அதிலேயே செருக வேண்டும். கணினியை மட்டும் யு.பி.எஸ்ஸில் போட்டு, தட்டைச் சுவர் பிளக்கில் போட்டிருப்பதைப் பல கடைகளில் காணலாம். அதனால் ஒரு பயனும் இல்லை. யு.பி.எஸ். பற்றரி நம் வெப்பத்தில் விரைவிலேயே தளர்ந்துவிடும். ஈய அமில பற்றரியின் ஆயுள் 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஏறக்குறைய பாதியாகும்.

சித்திரை மாதத்திலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரங்களில் இடி முழங்கத் தொடங்கினால் யு.பி.எஸ்ஸை நம்பாமல் பிளக்கைக் கழற்றுங்கள். ரவுட்டரிலிருந்து கணினிக்கு வரும் வலையமைப்பு வயரையும் கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாலும் வரும். காப்புத் தட்டு வேலை முடிந்ததும் கழற்றப்பட்டு அலுமாரிக்குள் போயிருந்தால் இந்தக் கவலையே இல்லை. அலுமாரி கூரைக்கு நெருங்கியதாகவோ வெளிச்சுவரோடு ஒட்டியதாகவோ இருக்க வேண்டாம். மூடியிறுகும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பைகளோடு, நிலத்திலிருந்து உயர்ந்த தட்டில் வையுங்கள்.

ஆறாம் படி: பிரதி எடுங்கள், சரிபாருங்கள்

முதலில் நீல நிற யு.எஸ்.பி. 3 துளையில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பழைய யு.எஸ்.பி. 2 துளையில் விநாடிக்கு 35 மெகாபைட் அளவே போகும். ஒரு டெராபைட்டுக்கு எட்டு மணித்தியாலம். சரியான துளையில் 120 மெகாபைட் கிடைத்தால் அது இரண்டே கால் மணித்தியாலமாகும். தட்டு விண்டோஸில் மட்டும் பயன்படுமானால் என்.டி.எஃப்.எஸ். அமைப்பில் ஃபோர்மற் செய்யுங்கள். எக்ஸ்ஃபற் மக் கணினியிலும் எழுதும். ஆனால் நடுவில் மின்சாரம் போனால் அது எளிதில் குழம்பும்.

இழுத்துப் போட்டுப் பிரதி எடுப்பதைக் கைவிடுங்கள். டெராகொப்பி பிரதி எடுத்தபின் இரு பக்கத்தையும் படித்து ஒப்பிடும் வசதி தருகிறது. ஃப்ரீஃபைல்சிங்க் புதிதாகச் சேர்ந்தவற்றை மட்டும் கண்டெடுத்து அனுப்பும். அதன் "மிரர்" முறையை மட்டும் விளங்காமல் தொட வேண்டாம், மூலத்தில் இல்லாததை அது பிரதியிலிருந்தும் நீக்கும். மாறிக்கொண்டிருக்கும் ஆவணங்களுக்குப் பழைய பதிப்புகளையும் சேர்த்து வைக்கும் ரெஸ்டிக் நல்லது. ஆனால் கட்டளை எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும். திருமண வேலையில் மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் கமரா கார்ட். கார்டிலிருந்து கணினிக்கும் காப்புத் தட்டுக்கும் பிரதி போய், இரண்டும் ஒப்பிடப்பட்ட பின்னரே அதை ஃபோர்மற் செய்ய வேண்டும். அதற்குமுன் அந்தக் கார்டை அடுத்த நாள் நிகழ்வுக்குத் தம்பியிடம் கொடுத்துவிடுவதால்தான் இழப்புகள் நேர்கின்றன.

பிரதி முடிந்ததும் முறைப்படி வெளியேற்றிக் கழற்றுங்கள். எந்நேரமும் செருகியிருக்கும் தட்டை ரான்சம்வெயார் மூலத்தோடு சேர்த்தே பூட்டும். தட்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, "அ-3, 2025 தை–ஆனி" என்பதுபோல எண்ணும் காலமும் எழுதுங்கள். அதே எண்ணுக்கு ஒரு பதிவேடு வைத்து, உள்ளே உள்ளவை, எடுத்த திகதி, இருக்கும் இடம் ஆகிய மூன்றையும் குறியுங்கள்.

ஏழாம் படி: மீட்டுப் பாருங்கள், பழையதை மாற்றுங்கள்

2017 ஜனவரி 31 ஆம் திகதி மென்பொருள் நிரல்களைச் சேமிக்கும் சேவை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர் தவறுதலாகத் தரவுத்தளத்தை அழித்தபோது, அவர்கள் வைத்திருந்த ஐந்து காப்பு முறைகளில் எதுவும் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்குச் சில மணித்தியாலங்களுக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு பிரதியே கைகொடுத்தது. ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியூர்த் தட்டைக் கொண்டுவந்து, மூலக் கணினி அல்லாத வேறொன்றில் செருகி, கடவுச்சொல் கொடுத்துத் திறந்து, வெவ்வேறு கோப்புறைகளிலிருந்து பத்துப் பதினைந்து கோப்புகளை இறுதிவரை ஓட்டிப் பாருங்கள். வீடியோவின் முதல் நிமிடம் ஓடுவதைக் கண்டு நிறுத்த வேண்டாம். பாதியில் அறுந்த கோப்பும் முதல் நிமிடம் நன்றாக ஓடும். இந்தப் பயணத்தையே தட்டுகளை மாற்றும் நாளாக்கிவிட்டால் வீட்டில் இருந்தது வெளியூருக்கும், அங்கே இருந்தது வீட்டுக்கும் மாறி, இரண்டும் புதுப்பிக்கப்படும்.

தட்டு நன்றாக ஓடினாலும் ஐந்து ஆண்டுகளில் அதன் தரவைப் புதிய தட்டுக்கு மாற்றுவதே பாதுகாப்பு. உத்தரவாதம் கிடைத்தால் புதிய தட்டுத்தான் கிடைக்கும், கோப்புகள் கிடைக்கா. உத்தரவாதத்துக்குக் கடையில் ஒப்படைக்கும் தட்டிலும், விற்கும் தட்டிலும் மறைகுறியாக்கம் இல்லையென்றால் விரைவு ஃபோர்மற் போதாது. முழுவதும் மேலெழுதும் ஃபோர்மற்றை ஓட விடுங்கள். படிக்கவே முடியாமற் போன தட்டைத் துளைத்துவிட்டு, மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் கொடுங்கள். பின்னர் பதிவேட்டில் அதன் எண்ணை வெட்டி, அதிலிருந்தவை இப்போது எந்த எண்ணுள்ள தட்டுகளில், எந்த ஊர்களில் இருக்கின்றன என்பதை அதே வரியில் எழுதுங்கள்.